அண்ணன் அனுப்பிய எலெக்ட்ரானிக் இக்னிஷன்

மிச்சிகன், ஒவாசோ
அக்டோபர் கடைசி வாரம்

என் மூத்த அண்ணன் வெர்லினுக்கு, தங்கை ஜெனீவா அன்போடும் பணிவோடும் எழுதுவது. நான் சுகம், என் வீட்டுக்காரர் டெல்மரின் முதுகும் சுகம். அரிசோனா வெயிலில் நீங்களும் அண்ணியும் அண்ணி வளர்க்கும் கள்ளிச்செடிகளும் வாடாமல் இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் அனுப்பிய எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்து சேர்ந்தது. நன்றி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டெல்மருக்கு அந்த அறுபத்தொன்பதாம் வருடக் கார் எப்படி என்று உங்களுக்கே தெரியும். கிளப்பினால் தெருவில் சன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும், ஆனால் கிளம்பினால்தானே? எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற பாயின்ட்டை அடிக்கடி உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி பார்த்து வைக்க வேண்டும், அதற்கு எஞ்சின் மேல் கவிழ்ந்து கிடக்க வேண்டும். கோடையில் அவர் முதுகில் ஆபரேஷன் செய்த டாக்டர் இனிமேல் குனியவே கூடாது என்று சொல்லிவிட்டார். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். "என் காரை இன்னொருத்தன் தொடுறதா? வித்துடறேன்" என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டார். சாகினா ஊரிலிருந்து ஒருவர் இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை காரைப் பார்க்க வருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து இந்த மனுஷன் தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறார், பேஸ்பால் ஆட்டத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். அப்போதுதான் உங்களுக்கு போன் பண்ணி அழுதேன்.

பார்சல் வந்ததும், பாயின்ட்டுக்குப் பதில் இதை மாட்டினால் தேய்க்கிற வேலையே இல்லை என்று அவரிடம் காட்டினேன். "அந்த டப்பாவா? நடுரோட்டுல செத்துப்போச்சுன்னா அதை எதால தேய்க்கிறது? உங்க அண்ணனையே வச்சுக்கச் சொல்லு" என்றார். நான் டப்பாவை மாவு டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அந்த வியாழக்கிழமை நம்ம மகள் கேரலின் தன் அப்பாவை உடற்பயிற்சி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும், பக்கத்து வீட்டு பெர்னடீனைக் கூப்பிட்டேன். அவள் எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள், விரலில் நல்ல பலம். நான் பானட்டுக்குள் தலையை விட்டேன், அவள் செய்முறைத் தாளை வேதம் வாசிக்கிற குரலில் வாசித்தாள். பழைய பாயின்ட்டைக் கழற்றினோம், புதிய டப்பாவைப் பொருத்தினோம், சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் எல்லாம் தீப்பொறிக்கு மின்சாரம் ஏற்றுகிற காயிலில் மாட்டியாயிற்று.

"ஜெனீவா, 'பிளக் ஒயர்களை மொத்தமாகக் கழற்ற வேண்டாம்'னு கீழே போட்டிருக்கு."

"அடிப்பாவி, அதை முதல்லயே படிக்கிறதுக்கென்ன?"

எட்டு ஒயரும் அதற்குள் என் கையில். சரி, பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று கிடைத்த இடத்தில் சொருகிச் சாவியைத் திருப்பினேன். அண்ணா, அப்படி ஒரு வெடி! மேலே ஒரு முழத்துக்கு நெருப்பு வந்து பெர்னடீனின் ஒரு புருவத்தைக் கொண்டுபோய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் கிரான்ட்ஸ் தன் பூசணித் தோட்டத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு தீயணைப்புக்குப் போன் பண்ணிவிட்டார். வண்டி வந்தது. அணைக்க ஒன்றுமில்லாததால் பையன்கள் ஆப்பிள் கேக்கைக் காலி பண்ணினார்கள். அதில் ஒருத்தன் எஞ்சின் மேலிருந்த கிரீஸைத் துடைத்து, "ஆன்ட்டி, எந்த வரிசையில ஒயர் மாட்டணும்னு இரும்புலயே எழுதியிருக்கு பாருங்க" என்றான். பெர்னடீன் அந்த எண்களுக்கு ஒரு ஞானப்பாட்டு மெட்டுப் போட்டுவிட்டாள். "ஒன்று, எட்டு, நான்கு, மூன்று..." என்று அவள் உருகிப் பாட, நான் ஒவ்வொன்றாகச் சொருகினேன். சாவியைத் தொட்டதுதான் தாமதம், தையல் மிஷின் மாதிரி ஓடியது. தீயணைப்புப் பையன்கள் கைதட்டினார்கள், நாங்கள் கட்டிக்கொண்டு அழுதோம்.

டெல்மர் வந்து மூக்கைச் சுளித்தார். "என்னடி வாடை?"

"கேக் கருகிப்போச்சுங்க."

சனிக்கிழமை சாகினாக்காரர் வந்தார். டெல்மர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாவியைக் கொடுத்து, "உடனே கிளம்பாது தம்பி, கோவிச்சுக்காதீங்க" என்றார். அந்த ஆள் அரைத் திருப்பு திருப்பவில்லை, கிரான்ட்ஸ் வீட்டுச் சன்னல் அதிர்ந்தது. டெல்மர் ஊன்றுகோலை விட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"கொஞ்சம் கீழே இறங்குங்க."

"விக்கிறேன்னு சொன்னீங்களே சார்?"

"சொன்னேன். அது கிளம்பாத கார். இது வேற."

வந்தவருக்குக் கோபம். செர்ரிப்பழம் வைத்துச் சுட்ட முழுப் பலகாரத்தையே கையில் கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். டெல்மர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னேன். சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்க அண்ணன் மனுஷன்டி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து உங்களைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை!

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் சிவந்த மேப்பிள் இலைகளைப் பார்க்க என்னைக் காரில் கூட்டிப்போகிறார். ஆப்பிள் சாறு பிழிகிற ஆலையில் சூடான டோனட் வாங்கித் தருகிறார். ஒரு தடவைகூட வழியில் நிற்கவில்லை. இந்த எலெக்ட்ரானிக்கின் மகிமையைப் பற்றி சர்ச் மகளிர் கூட்டத்திலேயே சாட்சி சொன்னேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்ட என் வீட்டுக்காரரை நீங்கள் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டீர்கள் அண்ணா. உங்கள் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராது, அண்ணியின் முட்டிவலி ஓடியே போகும், கர்த்தர் உங்கள் வாசலில் மழை பெய்யப் பண்ணுவார்.

மறவாத தங்கை,
ஜெனீவா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஷெட்டுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் டெல்மர் கார் பக்கத்தில் உயரமான ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து பாயின்ட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் டப்பா காபி டின்னுக்குள்!

"எப்பங்க கழட்டுனீங்க?"

"நீங்க மாட்டுன மறுவாரமே."

"அப்ப நாம ஊர் சுத்துனதெல்லாம்?"

"பாயின்ட்லதான். டாக்டர் குனியாதேன்னார், உக்காராதேன்னு சொல்லலியே."

"அது நல்லாத்தானே ஓடுச்சு?"

"ரொம்ப நல்லா ஓடுச்சு. எனக்குத்தான் வேலையே இல்லாமப் போச்சு."

மேலே எழுதிய நன்றியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, அதில் ஒரு எழுத்துக்கூட நான் அடிக்கப்போவதில்லை. அவரும் தன் நன்றியைச் சொல்லச் சொன்னார். அப்படியே, உங்கள் ஊர்க் கடைகளில் பழைய மாடல் பாயின்ட் ஒரு செட் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார்.