காதுகுத்துக்குக் கட்டிய வீடு

பாசமுள்ள மோகனா அக்காவுக்கு,

கேமரன் மலையிலிருந்து தம்பி அகிலன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மேகமும் நலம். அங்கு நீயும் அத்தானும், உன் மாமியாரும், பதினான்காம் மாடிக்கு ஏறும் அந்த லிப்டும், முக்கியமாகக் குட்டி கங்காவும் நலமாக இருக்க நம் எஸ்டேட் லயத்து மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேசவிட்டதே இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இது கொஞ்சம் நீளமான விஷயம். கடைசியில் ஒரு மன்னிப்பும் வருகிறது. ஆகையால் உட்கார்ந்து படி.

நாளை ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் கோவிலில் கங்காவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொள்ள வேண்டும், உன் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான், இதில் யாருக்கும் சந்தேகமில்லை, கங்காவைத் தவிர. போன தீபாவளிக்கு என் மீசையைப் பார்த்ததும் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றவள், நான் பஸ் ஏறும்வரை வெளியே வரவில்லை. திரைக்குக் கீழே இரண்டு பிஞ்சுப் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு மலையேறி வந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் போன மாதம் நீ, "இந்தா பாருடா, அவ அழுது அடம் பிடிச்சா என்னால சமாளிக்க முடியாது. அழுதான்னா தர்மா மடியில உக்கார வெச்சிருவேன். பெரியம்மா மவனும் மாமன்தானே லா" என்றாய். தர்மாவுக்குக் கிள்ளானில் வீடு, கார், மீசையில்லாத முகம். வாரம் தவறாமல் அவளுக்கு ஐஸ்கிரீம் வேறு. நான் அன்றைக்குச் "சரிக்கா" என்று சொல்லிவிட்டேன், ஆனால் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாதவன் அக்கா நான். இந்த மடிக்கு வரக்கூடிய மரியாதை இந்த ஜென்மத்தில் இது ஒன்றுதான்.

அதனால் சீர்த்தட்டில் வளையல், பழம், பட்டுப்பாவாடையோடு, பார்த்தவுடன் அவள் ஓடிவந்து மடியில் ஏறும்படி ஒரு பொருளையும் வைத்துவிடுவது என்று முடிவுசெய்தேன். இதுவரை போனில் அவள் என்னிடம் பேசியது இரண்டே சொல்: "பொம்ம வீடு." போதாதா? மரத்தில் பொம்மை வீடு ஒன்றை, விலையை மட்டும் பார்த்து, படத்தைச் சரியாகப் பார்க்காமல், ஆன்லைனில் வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே வீடு இல்லை, பலகைதான் இருந்தது. நூற்று நாற்பது துண்டு மெல்லிய பலகை, ஒரு பை திருகாணி, இரண்டு குழாய் பசை, படம் போட்ட ஒரு தாள். நாமே கட்டிக்கொள்ள வேண்டுமாம். நான் பதினெட்டு வருஷமாக தேயிலை பேக்டரியில் கொழுந்து வாட்டுகிறவன். நிற்பதைப் படுக்கவைக்கத் தெரியுமே தவிர எதையும் எழுப்பி நிறுத்திப் பழக்கமில்லை. இருந்தாலும் நம் அம்மா தாயம்மா பெற்ற பிள்ளைதானே, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். காலிப் பெட்டியைப் பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா, "தம்பி, அத வீசிராத, என் கோழி அடைகாக்கணும்" என்று வாங்கிக்கொண்டு போனார். படத்தாளைச் சன்னலோரம் வைத்துவிட்டு நான் வேலைக்குப் போனேன். நம் ஊர் மேகத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? மத்தியானம் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் திரும்பியபோது தாளில் பாதி மை கரைந்து, ஆறு அறைகள் மட்டும் தனித்தனியாகத் தெரிந்தன. எந்த அறை எதன்மேல் உட்காரும் என்று காட்டிய பக்கம் நீலத்தண்ணீராகிவிட்டது.

ஆறு அறை என்றால் எப்படி வைப்பார்கள்? நீயே சொல். நான் பிறந்ததிலிருந்து பார்த்தபடி, நம் லயத்து வீடுகள் மாதிரி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசையாக வைத்தேன். கையே தானாக வைத்தது. ஆறு வீட்டுக்கும் வாசல் வேண்டுமே என்று உள்கதவுகளைக் கழற்றி முன்பக்கம் மாட்டினேன். அதனால் நடுவாசல்கள் எல்லாம் திறந்தபடி கிடந்தன. பெட்டியில் வந்த கூரை இரண்டு அறைக்குத்தான் எட்டியது, மீதிக்குப் பால்மாவு டின்னைத் தட்டி நிமிர்த்திப் போட்டேன், மழை பெய்தால் நல்ல சத்தம் வரும். இரண்டு மாடிப்படி மிஞ்சியது. படி என்றால் மேலே கோவில் இருக்க வேண்டும், ஆகையால் புகைபோக்கியைக் கோபுரமாக்கிப் படிக்கு உச்சியில் வைத்துவிட்டேன். எல்லாம் சரி, பசைதான் காயவில்லை. இந்தக் குளிரில் துவைத்த சட்டையே மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. கடைசியில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டு வீட்டை பேக்டரிக்கே தூக்கிப் போய், கொழுந்து வாட்டும் தொட்டியோரம், வெதுவெதுப்பான காற்று வரும் இடத்தில் வைத்தேன்.

அங்கேதான் அக்கா எனக்கு என்னவோ ஆனது. சாப்பாட்டு நேரம். விசிறிகள் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன. வாடும் கொழுந்துக்கு ஒரு வாசனை உண்டே, நறுக்கி வைத்த ஆப்பிள் மாதிரி, அதை முகர்ந்தபடி வீட்டின் பக்கத்திலேயே தலைசாய்த்தேன். முதல் அறைச் சன்னலில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தால் ஆறு அறையும் தாண்டிக் கடைசிச் சன்னல்வரை பார்வை போனது. அதற்கப்பால் தேயிலைச் சரிவு. அங்கிருந்து ஒரு பிடி மேகம் அந்தச் சின்னச் சன்னல் வழியாக உள்ளே வந்து, ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் நின்று, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு வருகிற ஆள்போல மெதுவாக வந்து, என் கண்ணில் சில்லென்று பட்டது. அப்புறம் நான் கட்டைவிரல் உயரம் ஆகிவிட்டேன். தூங்கினேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. மூன்றாம் கதவைத் தட்டினேன். நம் கதவு. நீதான் திறந்தாய். உனக்கு ஏழு வயது, பள்ளிக்கூட உடுப்பு, ஒரு காதில் மட்டும் தோடு, மற்றதை நீ தொலைத்த வருஷம் அது. "கால கழுவிட்டு உள்ள வாடா" என்றாய். உள்ளே அடுப்பு எரிந்தது. யாரோ மழைக்கோட்டை உதறி மாட்டினார்கள். மூலையில் கங்கா உட்கார்ந்து புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள், அழவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அக்கா. கால் கழுவக் குனிந்த நேரத்தில் விசிறியை நிறுத்திவிட்டார்கள், முழிப்பு வந்துவிட்டது. தலைமுடியெல்லாம் கொழுந்து.

அதோடு விட்டிருக்கலாம். ருக்குமணியக்கா வந்து பார்த்துவிட்டு, "புது வீட்ட அப்படியே வெறுமனே குடுத்தனுப்புவியா? பால் காய்ச்ச வேணாமா? நல்லா இருக்கு லா உன் நியாயம்!" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வீட்டைக் கிழக்கே பார்க்கத் திருப்பி, மூன்றாம் அறை அடுப்படியில் ஒரு துண்டு சூடத்தைக் கொளுத்தி, குங்குமச்சிமிழில் இரண்டு கரண்டி பாலை வைத்தோம். பால் பொங்கியது. அவர் குலவை போட்டார், நான் கைகூப்பிக் கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால் சுவரில் தீ. சொம்புத் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டோம், பயப்படாதே. அடுப்படிச் சுவர் மட்டும் கரிபிடித்துப்போனது, நம் அடுப்படி இருந்ததே, அச்சு அசல் அதே கரி.

இன்று காலையில்தான் கடைசி இடி. கோழி பதினொரு குஞ்சு பொரித்துவிட்டதென்று ருக்குமணியக்கா பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். எச்சத்தைத் துடைத்துக் கவிழ்த்தால் பெட்டியின் அடிப்பக்கத்தில் பெரிய படம். மூன்று மாடி பங்களா, அக்கா! மாடிக்கு இரண்டு அறை, நடுவில் வளைந்த படி, மேலே புகைபோக்கி. நான் பங்களாவை வாங்கி லயம் கட்டி வைத்திருக்கிறேன். பிரிக்கலாம் என்றால் பசை இரும்பாக இறுகிவிட்டது.

என் பயம் இப்போது உனக்குப் புரியும். நம் வீட்டைப் பற்றி உன் மாமியாரிடம் நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். "மலைமேல பங்களா மாதிரி" என்று போன தீபாவளிக்கு நீ அவரிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன்மேல் கோபமில்லை. பதினான்காம் மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் அப்படித்தான் தெரியும். ஆனால் எஸ்டேட் வாசனை இல்லாத சாமானாகப் பார்த்து வாங்கு என்று நீ சொன்னதற்கு, சபை நடுவே தேயிலை மணக்கும் கரிபிடித்த லயத்தை எப்படி வைப்பேன்? ஆகவே நான் வரவில்லை, என்னை மன்னித்துவிடு. தர்மா மடியிலேயே உட்காரவை. அவன் நல்லவன், பிள்ளைக்கும் பழக்கம். சீர்த்தட்டையும் இந்த வீட்டையும் இந்தக் கடிதத்தையும், திரிங்காப் ஊர்க் கந்தனின் முட்டைக்கோஸ் ஏற்றும் காய்கறி லோரியில் ஏற்றிவிடுகிறேன். வீட்டைக் கோவிலுக்குக் கொண்டுபோகாதே. சடங்கு முடிந்தபின் வீட்டில் வைத்துக் கங்காவிடம் மட்டும் கொடு. மாமியார் பார்த்துக் கேட்டால் ரயில் என்று சொல்லிவிடு. அவர் நம்புவார், ஆறு பெட்டி இருக்கிறது.

அத்தானுக்கும் உன் மாமியாருக்கும் என் பணிவான வணக்கம். கங்கா காது வலிக்காமல், தோடு தொலையாமல், தேயிலைச்செடி மாதிரி கிள்ளக் கிள்ளத் துளிர்த்து நூறாண்டு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
அகிலன்

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. எழுத்து கோணலாக இருந்தால், மலையிறங்கும் தாப்பா ரோட்டு வளைவில் போகிற லோரியில் உட்கார்ந்து, வீட்டுக் கூரைமேல் தாளை வைத்து எழுதுகிறேன் என்று அர்த்தம். கந்தன் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பின்னால வெச்சா கோபிஸ் மூட்ட நசுக்கிரும் லா. யாராச்சும் மடியில வெச்சிக்கிட்டு வந்தாத்தான் உண்டு" என்றான். யாராச்சும் என்றால் யார்? சட்டையை மாற்றிக்கொண்டு ஏறிவிட்டேன். வீட்டின் ஒரு முனை கந்தனின் கையில் இடிக்கிறது, கோவில் முனை சன்னலுக்கு வெளியே போகிறது. கூரை என் மூக்குவரை வருவதால் மீசை தெரியவில்லை. வீட்டைக் கோவிலுக்கேதான் கொண்டுவருகிறேன். ரயில் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம், மூன்றாம் கதவை உன் மாமியாருக்கு நானே காட்டுகிறேன். இதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் இப்போதே அனுப்புகிறேன், கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடாதே. நாளைக் காலை வீட்டை இறக்கி வைத்ததும் என் மடி காலியாகிவிடும். கங்காவிடம் சொல்லி வை. தர்மாவிடமும்.