மலையை வெட்டினவர்

இந்த வீட்டுச் சேதி ஒன்றுகூட இனி வாசப்படி தாண்டக் கூடாது என்று சவுண்டு சார் சபதம் எடுத்தார். தெருவுக்குத்தான் அவர் சவுண்டு சார். வீட்டுக்குள்ளே அவருக்குச் சவுண்டே கிடையாது.

சபதத்துக்குக் காரணம் சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன். அன்றைக்குக் காலையிலே போன் போட்டுச் சிரிக்கிறார்.

"என்ன சகலை, ஈரத்துண்டைக் கட்டில் மேலயே போடுறீங்களாமே? பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடுது, நீங்க பக்கத்துல நின்னு பாட்டுக் கேட்டுக்கிட்டிருந்தீங்களாமே?"

எல்லாம் மனைவியின் வேலை. நினைத்ததைப் போனில் பேசிப் பதிந்து அக்காவுக்கு அனுப்புவாள். அக்கா பஸ்ஸில் போகும்போது கேட்பாள். சகலையும் காதைக் கொடுத்து வைப்பார்.

சவுண்டு சாருக்குத் தொழில், அடுத்தவர் பாடிப் பதிந்த பாட்டுக்குக் கடைசி மெருகு போடுவது. எகிறினதை அமுக்கி, அமுங்கினதைத் தூக்கி, கரகரப்பைக் கழுவிக் கொடுப்பார். அதற்கென்று பின்னறை. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். அந்த அறைதான் அவருக்கு உயிர். "லீவுக்கு அக்கா வரட்டுங்க, பின்னறையில படுத்துக்கட்டும்" என்று மனைவி கேட்கிறபோதெல்லாம், "தொழில் பண்ற இடம்மா" என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார்.

ஊரான் பாட்டையே வெட்டி ஒட்டுகிறவனுக்கு வீட்டுப் பேச்சு எம்மாத்திரம்?

"ஏம்மா, உன் போன்ல பேசினா ஓட்டைப் பானைக்குள்ள பேசுற மாதிரி இருக்கு. இனிமே என் மைக்ல பேசு. நான் சுத்தம் பண்ணி அனுப்புறேன்."

"என்ன திடீர்க் கரிசனம்?"

"உங்கக்கா காது வலிக்கும்ல."

"என் குரலையா சொல்றீங்க?"

"போனைச் சொன்னேம்மா, போனை!"

"சரி. ஆனா நான் பேசுறப்ப நீங்க வெளிய இருக்கணும். அது அக்கா தங்கச்சி பேச்சு."

அவள் பேசி முடித்ததும் அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். திரையில் அவள் குரல் நீளமாக விரிந்து கிடந்தது. காப்பி டம்ளரோடு வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"இதென்னங்க மேடும் பள்ளமுமா?"

"உன் குரல்தான். கத்தினா மலை, மெல்லப் பேசினா புல்லு. மலை இந்தக் கோட்டைத் தாண்டினா சத்தம் உடைஞ்சு கரகரங்கும். டிஸ்டார்ஷன்."

"தாண்டினா என்ன பண்ணுவீங்க?"

"மலையைச் சீவிட்டு, புல்லைத் தூக்கி விடுவேன்."

"காதால கேக்கவே வேணாமா?"

"பழகின கைக்குக் கண்ணு போதும்மா."

"அப்படியா" என்றாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த "அப்படியா"வை அவர் ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

புருஷனைத் திட்டும்போதுதான் அவளுக்குக் குரல் ஏறும். ஈரத்துண்டு ஒரு மலை. பொங்கின பால் ஒரு மலைத்தொடர். கண்ட மலையை எல்லாம் வெட்டி, தையல் தெரியாமல் ஒட்டி அனுப்பினார். தடயம் இருக்கக் கூடாதென்று அவள் பேசின மூலத்தையும் அழித்தார். முதலில் கேட்டுக் கேட்டு வெட்டினவர், போகப் போகப் பார்த்தே வெட்டினார். சகலையே போன் போட்டு, "என்ன சகலை, திருந்திட்டீங்களா?" என்று ஏமாந்தார்.

லீவு நெருங்கியது. ஒருநாள் அவள் வெகுநேரம் பேசினாள். திரையைப் பார்த்தால் முதலில் வானத்தை முட்டுகிற மலைகள், பிறகு நீளமாகப் புல்தரை. கையில் அவசர வேலை வேறு. மலையை மொத்தமாக வெட்டினார். புல்லை நன்றாகத் தூக்கிவிட்டார். அனுப்பினார். அழித்தார்.

அந்த வாரமே வாசலில் வண்டி வந்து நின்றது. அக்கா, சகலை, பெட்டிகள்.

"வாங்க, வாங்க. என்ன திடீர்னு?"

"நல்லா இருக்கே தம்பி! நீங்கதானே பின்னறையை ஒழிச்சுத் தர்றேன், லீவு முழுக்க இருந்துட்டுத்தான் போகணும்னு ஒத்தைக் கால்ல நின்னீங்களாம்? ரகசியம் பேசுற மாதிரி மெல்லத்தான் தங்கச்சி சொன்னா. ஆனா ஒவ்வொரு எழுத்தும் கணீர்னு கேட்டுச்சு. எல்லாம் உங்க கைவண்ணம்!"

சகலை நேராகப் பின்னறைக்குப் போய்ப் பஞ்சுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இதுக்குள்ள குறட்டை விட்டா வெளிய கேக்காதாமே, சகலை?"

பஞ்சு எதிரொலியைத்தான் விழுங்கும், குறட்டையை விழுங்காது என்று விளக்க நேரமில்லாமல் சவுண்டு சார் அடுப்படிக்குப் போனார்.

"நான் எப்பம்மா கூப்பிட்டேன்?"

"கூப்பிடலைன்னா அன்னைக்கே கேட்டிருக்கலாமே? சுத்தம் பண்ணி அனுப்பினது நீங்கதானே?"

ஆமென்றால் அறை போச்சு. கேட்கவே இல்லை என்றால் குட்டு வெளிப்படும். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அப்ப அந்த மலை? முதல்ல அவ்வளவு கத்தினியே, என்னைத் திட்டித்தானே?"

"திட்டினேன்னு யார் சொன்னது? புகழ்ந்தேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மனசுல கெடந்ததை எல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். அக்கா அதைப் பத்தி மூச்சே விடலையே, ஏங்க?"

சவுண்டு சார் பின்னறைக்கு ஓடினார். நாற்காலியில் சகலை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் மூலம் இல்லை, நகல் இல்லை, ஒரு துண்டு மலைகூட இல்லை. திரும்பி வந்து கெஞ்சினார்.

"என்னம்மா சொன்னே? ஒரே ஒரு தடவை சொல்லேன், கேக்குறேன்."

"கேக்க எதுக்குங்க? உங்களுக்குத்தான் கண்ணு போதுமே" என்று அவள் அடுப்பைக் காட்டினாள். "பால் பொங்குது, பாருங்க."