முட்டி சாரும் என் வலது கையும்

எனக்கு எழுபத்தோரு வயதாகிறது. பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுவிட்டுப் போன பெண்ணையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. அத்தனையும் மீன்கூடை சுமந்து வளர்த்தவை. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று நான் கூடை இறக்காத தெரு கிடையாது. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அதற்கு மேல் என் பேத்திதான். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். எத்தனையோ வாசல் பார்த்தவள், எத்தனையோ வாயோடு பேரம் பேசியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்த மெட்ராஸில் மனிதரை விட்டுவிட்டு அவருடைய முட்டியோடு பேசிய ஒரே ஆள் எங்கள் முட்டி சார்தான்.

பிசியோதெரபி படித்தவர். மந்தைவெளியில் ஒரு மாவு மில்லுக்கு மேலே மாடியில் கிளினிக் வைத்திருந்தார். முட்டி வலிக்காரர்கள் ஏறி வர வேண்டிய இடத்தை எந்தப் புத்திசாலியாவது மாடியில் வைப்பானா? கேட்டால், “ஏறி வந்துட்டா பாதி வைத்தியம் முடிஞ்சுதும்மா” என்பார். போர்டில் அவர் பெயர் இருந்தது, யாரும் படித்ததில்லை. முட்டியை ‘சார்’ என்பார். கையை ‘மேடம்’ என்பார். அவற்றின் சொந்தக்காரரை மட்டும் மதிக்கவே மாட்டார்.

பேங்க்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற மேனேஜர் ஐயா ஒருவர் அங்கே வருவார். அவர் வாயைத் திறந்தாலே சாருக்கு ஆகாது.

“டாக்டர், நேத்திலேர்ந்து ரொம்ப வலிக்கறது…”

“உங்கள யாரு கேட்டா? நான் சாரைக் கேட்டுக்கிட்டிருக்கேன்.” குனிந்து முட்டியைத் தட்டிக்கொடுப்பார். “சொல்லுங்க சார். இவரு உங்கள வெளிய எங்கயாச்சும் கூட்டிக்கிட்டுப் போனாரா, இல்ல டிவி முன்னாடியே உக்கார வச்சிட்டாரா?”

“பார்க்குக்குப் போனேனே!”

“ரெண்டு பேர் பேசிக்கிட்டிருக்கும்போது குறுக்க வராதீங்க!”

அங்கே ஒரு சட்டம் உண்டு. யாருடைய கையோ காலோ நேற்றைய எல்லையை ஒரு விரல்கடை தாண்டினாலும், அங்கிருக்கிற அத்தனை பேரும் கை தட்ட வேண்டும். வலியில் அலறிக்கொண்டிருந்தாலும் தட்டிவிட்டுத்தான் அலற வேண்டும். கீழே மாவு அரைக்க வந்தவர்கள், மேலே தினமும் கல்யாணம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் மூத்த மகன். எனக்கு மீன் வாங்கி வருவதற்காக விடியலில் காசிமேட்டுக்கு வண்டியில் போனவன், லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் மாரடித்து அழுதார்கள். என் மருமகள் மயங்கி மயங்கி விழுந்தாள். நானும் விழுந்தால் யார் தூக்குவது? பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பெற்றவள் கை ஒருமுறைகூட மாரில் விழவில்லை என்று ஊரே பேசியது. பேசட்டும் என்று இருந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் வலது தோள் பூட்டிக்கொண்டது. கூடையைப் பிடித்த கை, இடுப்புக்கு மேலே வரவில்லை. எனக்குக் கூடைகூடப் பெரிதில்லை. சுவரில் உயரத்தில் மாட்டியிருக்கிற மகன் படத்துக்கு என் கையால் பூ வைக்க முடியவில்லை. இடது கையால் வைக்க மனம் வருமா?

“படத்த கொஞ்சம் கீழ எறக்கி மாட்டிடட்டா அத்தே?” என்றாள் மருமகள்.

“எம் புள்ள கீழ எறங்க மாட்டான். நான்தான் ஏறணும்” என்று சொல்லிவிட்டுத்தான் மாவு மில் மாடிக்கு ஏறினேன்.

சார் எனக்குச் சுவரைக் காட்டினார். விரல்களால் எறும்பு மாதிரி சுவரில் ஏற வேண்டும். எனக்கு ஆசை வரட்டும் என்று ஒரு மீன் படத்தைச் சுவரில் ஒட்டினார். “இந்த வஞ்சிரத்தைத் தொடுங்க பாக்கலாம்!”

பார்த்தேன். “யோவ் சாரே, இது வஞ்சிரமும் இல்ல, மீனும் இல்ல. ஓங்கலு, டால்பின்னு சொல்வாங்களே அது. இத்தப் புடிச்சா போலீஸ்ல புடிப்பான்.”

பாவம், சைவக்காரர். தலையைச் சொறிந்தார். “சரி, மேடத்துக்கு அது தெரியாது. நீங்க சொல்லிக் குடுக்காதீங்க” என்றார். நான் சிரித்துவிட்டேன். மகன் போனபின் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. கை ஒரு விரல்கடை ஏறியது. எல்லோரும் தட்டினார்கள்.

மேனேஜர் ஐயா விஷயத்தைச் சொல்ல வேண்டும். கிளினிக் மாடிக்கு ஏறி வந்துவிடுவார், தன் வீட்டு மாடிக்கு மட்டும் ஏற முடியாது. மனைவி கடைசியாகப் படுத்திருந்த அறை அங்கேதான் இருந்தது. சாருக்கு இது உறைத்ததும் நேராக அவர் வீட்டுக்கே போய்விட்டார். “ஒரு படிக்கு ஒரு கோள் சொல்லுங்க, உங்க வீட்டம்மாவப் பத்தி” என்றாராம். காபியில் சர்க்கரை குறைப்பாள் என்று ஒரு படி, என் சத்தம் பிடிக்காமல் ரேடியோவைக் கூட்டி வைப்பாள் என்று ஒரு படி. பாதி வழியிலேயே குறை தீர்ந்துவிட்டது. மீதிப் படியெல்லாம் அழுதுகொண்டே ஏறினாராம். “என் முட்டி மேல எந்தத் தப்பும் இல்லை, நான்தான் ஏறாம இருந்திருக்கேன்” என்று அவரே எங்களிடம் சொன்னார்.

அதே வேலையை சார் என்னிடமும் காட்டினார். “மகன் போன அன்னிக்கு என்னம்மா ஆச்சு?”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “கைவலிக்கு வந்தா ஊட்டுக் கதைய கேக்குறே! உனுக்கு இன்னாத்துக்கு அது?”

“உங்கள யாரு கேட்டா?” என்று என் தோள் பக்கம் காதை வைத்துக்கொண்டார். “ம்… ம்… அப்படியா…”

பொறுக்க முடியவில்லை. “இன்னா சொல்லுது?”

“தனக்கு ஒரு வேலை பாக்கி இருக்காம். என்ன வேலைன்னு கேட்டா, உங்களைக் கேக்கச் சொல்றாங்க.”

என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா? சொல்லவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. கை தோள் உயரம் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஓங்கல் படம் அதற்கு மேலே ஒட்டியபடியே இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. ஊரெல்லாம் மெஷினுக்குச் சந்தனம் வைத்தால், இவர் எங்கள் கைகால்களுக்கு வைத்தார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு மேனேஜர் ஐயா புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னிடம் குங்குமத்தோடு வந்தபோது பின்னால் நகர்ந்தேன்.

“வாணாம் சாரே. நான் தாலியறுத்தவ.”

“உங்களுக்கு யாரும்மா வச்சா? மேடத்துக்கு வைக்கிறேன். அவங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகல.”

கையைக் காட்டினேன். அப்போது மேனேஜர் ஐயா செல்போனில் ஒரு படம் பிடித்தார்.

அதற்கப்புறம் அதிக நாள் இல்லை. ஒரு காலையில் போனால் கிளினிக் பூட்டியிருந்தது. நெஞ்சுவலியாம். ஊரார் உடம்பெல்லாம் கேட்ட காது, தன் நெஞ்சு சொன்னதைக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனோம். கட்டிக்கொள்ளாத மனிதர். பெங்களூரிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் மட்டும் கை கட்டி நின்றிருந்தார். அழுவதற்கு அந்த வீட்டில் ஒரு பெண் கிடையாது. ஒரு சத்தமும் இல்லை. சுவரோரம் கைத்தடியும் வாக்கருமாக நாங்கள் வரிசையாக நின்றோம். வெள்ளைத் துணிக்குள் அவருடைய இரண்டு முட்டியும் மேடு தட்டித் தெரிந்தன. இத்தனை நாளில் அந்த முட்டிகளை ஒருத்தரும் ‘எப்படி இருக்கீங்க சார்’ என்று கேட்கவில்லையே என்று தோன்றியது.

அவ்வளவுதான் தெரியும். “ஊரு முட்டிய எல்லாம் எழுப்பி வுட்டியே சாரே, உன்ன எழுப்ப ஆளில்லாம படுத்துக்கினியே!” என்று குரல் கிளம்பியது. கை மேலே போனது, மாரில் விழுந்தது. மறுபடி மேலே போனது. எந்த இடத்தில் சாரை விட்டேன், எந்த இடத்தில் மகனைப் பிடித்தேன் என்று தெரியவில்லை. “மீனு வாங்கியாரேன்னு போனியே ராசா, வெறுங்கூடைய வச்சிக்கினு குந்திக்கினு கீறேனே!”

அப்போது பின்னாலிருந்து மேனேஜர் ஐயா அழுகையோடு கத்தினார்: “கை! அம்மா கையைப் பாருங்கோ! தலைக்கு மேல போயிடுத்து!”

பழக்கதோஷம். கைத்தடிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு அத்தனை பேரும் கை தட்டினார்கள். இழவு வீட்டில். கண்ணில் தண்ணீர் ஒழுக ஒழுகத் தட்டினார்கள். பெங்களூர் அண்ணன் திகைத்துப்போய் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு, என்ன தோன்றியதோ, அவரும் மெல்லத் தட்டினார்.

அன்று சாயங்காலம் தலை முழுகிவிட்டு, என் வலது கையால் மகனுக்குப் பூ வைத்தேன். ஒரு வாரம் கழித்து மேனேஜர் ஐயா ஆயுத பூஜைப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சந்தனக் கையோடு சார் சிரிக்கிறார்.

போதும் கண்ணு, எழுதினது போதும். எங்க, மொதல்லேருந்து ஒருவாட்டி படி. வாய்க்குள்ளயே முணுமுணுக்காம நல்லா சத்தமா படி. செவுத்துல உங்கப்பன் கீறான், பக்கத்துலயே முட்டி சாரும் கீறாரு. ரெண்டு பேருக்கும் கேக்கணும்.