சர்வருக்கு நித்தீஷ் என்று பெயர்

"தன் பேரே அதுக்குத் தெரியலீங்ண்ணா" என்று போனில் கிசுகிசுத்தாள் யாழினி.

மறுமுனையில் ஒரு குழந்தை வீறிட்டது. சிஸ்டம் இன்சார்ஜ் தனபால் பொங்கலூரில் இருந்தான். அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் குழந்தை அவன் மடியில்.

"ஆருக்குத் தெரியல?"

"சர்வருக்குங்ண்ணா. கரண்ட் போயிட்டு வந்ததுல இருந்து, அதுகிட்டயே அது பேரைக் கேட்டா முழிக்குது. ஸ்டிக்கர் சாஃப்ட்வேர் ஸ்டார்ட்டே ஆகல."

"தன்னைத்தானே கேட்டுக்கச் சொல்லோணும் கண்ணு. 127.0.0.1 போட்டு உட்ரு. அந்த நம்பர்னா 'நான்தான்'னு அர்த்தம். எங்க போடோணும்னா... டேய், அழுவாத சாமி!"

ஆசாரி குத்திவிட்டார் போலிருந்தது. போன் கட்டானது.

யாழினிக்குப் பத்தொன்பது வயது. வீரபாண்டியில் இந்தப் பனியன் கம்பெனியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "எம்புள்ள ஆபீஸ் வேலைக்குப் போகுது" என்று மண்ணரையில் தெரு முழுக்க அம்மா சொல்லி முடித்திருந்தாள். "சர்வர்ல கை வெச்சே, வேலை போயிரும்" என்று தனபாலும் ஊருக்குப் போகும்போதே சொல்லியிருந்தான்.

காரணம், அந்த சர்வரின் பெயர் நித்தீஷ். முதலாளி சாமியப்பனின் ஒரே மகன் பெயர். காலேஜில் படிக்கும்போதே ஆபீசுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்து, சர்வருக்குத் தன் பெயரையே வைத்தவன். அப்புறம் பல்லடம் ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டான். பெயரை மாற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. மாற்றச் சொல்ல முதலாளிக்கும் வாய் வரவில்லை. தினமும் காலையில் அவர் உட்பட எல்லாரும் 'நித்தீஷ்' என்று அடித்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். பையன் எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதலில் ஓட்டிப் பார்க்கும் அவனுடைய பழைய கம்ப்யூட்டர்தான் இன்னும் அவர் மேஜையில் இருந்தது. ஆமை வேகம். யாரையும் தொட விடமாட்டார்.

யாழினி சர்வரில் இருந்த பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். 'நித்தீஷ்' என்பதற்கு நேரே இருந்த நம்பரை அழித்து, 127.0.0.1 என்று போட்டாள்.

சர்வர் உடனே விழித்துக்கொண்டது. அவள் மூச்சு விட்டாள். அந்த மூச்சு வெளியே வந்து முடிவதற்குள் மேனேஜர் ராஜபாண்டி வாசலில் நின்றார். மதுரைக்காரர். மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாதவர்.

"ஏம்மா! நித்தீஷ் செத்துட்டானா?"

ஆபீசே திரும்பிப் பார்த்தது. முதலாளி காதில் விழுகிற தூரத்தில் எல்லாரும் சர்வரை 'அது' என்றுதான் சொல்வார்கள். எதிரே முதலாளி ரூம் கதவு பாதி திறந்திருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளிருந்து மெல்ல மூடிக்கொண்டது.

"சார், மெதுவாங்க..." என்றாள் யாழினி, குரலே இல்லாமல்.

"மெதுவா பேசினா லாரி தூத்துக்குடி போயிருமா? சாயங்காலத்துக்குள்ள பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஏத்தலைன்னா கப்பல் போயிரும்மா. பேக்கிங்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் ஓடுது!"

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார், சரியாயிரும்."

அந்த ஒரே கம்ப்யூட்டர், பழைய நம்பரை ஞாபகம் வைத்துக்கொண்டு ஓடியது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியதும் அதுவும் மறந்துபோனது.

பேக்கிங்கில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். யாழினி சர்வரையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாள். அதற்குள் அக்கவுண்ட்ஸிலிருந்தும் ஆட்கள் எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

டீ கொண்டுபோன கோமளாக்கா முதலாளி ரூமிலிருந்து நிறைந்த டம்ளரோடு திரும்பி வந்தாள்.

"வேண்டாங்கறாரு கண்ணு. கண்ணெல்லாம் செவந்திருக்குது. கதவைச் சாத்திட்டுப் போன்னுட்டாரு."

"கோவமாங்கக்கா?"

"தெரியலியே. அவரு டீய வேண்டாம்னு சொல்லி நான் பாத்ததே இல்ல."

யாழினி பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு அழுதாள். அங்கேயே போன் அடித்தது.

"பட்டியல்லயா போட்ட?" தனபால் கத்தினான். "அடப்பாவமே! ஆபீஸே அதைப் பாத்துத்தான் வழி கேக்கும். 'நித்தீஷ் எங்க'ன்னு எந்தக் கம்ப்யூட்டர் கேட்டாலும், 'நீதான் நித்தீஷ், உனக்குள்ளயே தேடு'ன்னு சொல்லி உட்டிருக்கற! பட்டியல்ல பழைய நம்பரைப் போடு. 127ஐ, நெட்வொர்க் செட்டிங்ல சர்வர் ஆருகிட்ட வழி கேக்கோணும்ங்கற எடத்துல மட்டும் போடு."

யாழினி ஓடிப்போய் மாற்றினாள்.

"எல்லாரும் இன்னொருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. முதலாளிகிட்டயும் சொல்லிருங்கக்கா."

கோமளாக்கா போனாள். கொஞ்ச நேரத்தில் பேக்கிங்கிலிருந்து பெரிய சத்தம்.

"வந்துட்டான்! நித்தீஷ் வந்துட்டான்!"

பிரிண்டர்கள் கடகடவென்று ஸ்டிக்கரைத் துப்பின. ராஜபாண்டி முதல்முறையாகச் சிரித்தார். "கெட்டிக்காரப் பிள்ளைம்மா நீ!"

அப்போது முதலாளி ரூம் கதவு திறந்தது. கோமளாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நேராக யாழினியிடம் வந்தாள்.

யாழினி சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வேலைய உட்டுப் போகச் சொல்லிட்டாருங்களாக்கா?"

"இல்ல கண்ணு. காலைல இருந்து அவரு கம்ப்யூட்டர்ல நித்தீஷ் தம்பி போட்டோ வந்து நின்னுட்டு இருந்துச்சாமா. கீழ 'அப்பா, நான் தெரியறனுங்களா'ன்னு எழுதியிருந்துச்சாமா. இப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனதும் காணோம்."

யாழினி பையைக் கீழே வைத்தாள். பையனின் கம்ப்யூட்டரும் தனக்குள்ளேயே தேடியிருக்கிறது.

"லாரி போனப்பறம் போதுமாமா" என்றாள் கோமளாக்கா. "காலைல நீ எதையோ கெடுத்தியல்ல, அதையே மறுக்கா கெடுத்துத் தரச் சொல்றாரு."