வட்டத்தில் உட்கார வைத்த மருமகனுக்கு

அன்பு மருமகன் யாவ் அடுசேய்க்கு,

உன் தாய்மாமனும் இந்தக் குடும்பத்தின் தலைவனுமாகிய க்வாஜோ அமொவாடெங் எழுதுவது. அக்ராவில் நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க முன்னோரையும் மேலே இருப்பவரையும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, ஆகவே எழுதிவிட்டேன். மரியாதை இத்தோடு முடிந்தது.

நீ படம் போட்டுக் கொடுத்து நகராட்சி கட்டிய பூங்காவில் உன் பெரியம்மா அமா செர்வாவின் துக்கக் கூட்டத்தை, அவள் போய் ஒரு வாரம் ஆன அன்று நடத்தினோம். மானம் கப்பலேறிவிட்டது. என் அக்கா இந்த ஊரில் யார் வீட்டுத் துக்கத்துக்கும் போகாமல் இருந்ததில்லை. அவளுடைய துக்கத்துக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். சிரிப்பை அடக்கக் கறுப்புத் துணியை வாயில் வைத்துக்கொண்டார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அந்த இடம் வெறும் செம்மண் மைதானமாக இருந்தபோது யாருக்கு என்ன குறை? உனக்குத்தான் அழகு போதவில்லை. திறப்பு விழாவில் என் கையாலேயே முன்னோருக்கு ஷ்னாப்ஸ் சாராயத்தைத் தரையில் ஊற்றி, "என் மருமகன் போட்ட படம்!" என்று மார் தட்டினேனே, அந்தக் கையை நினைத்தால் வயிறு எரிகிறது. பாதையை ஏன் அப்படி வளைத்தாய்? தலையில் ஒரு தட்டு வாழைக்காயோடு சந்தைக்கு ஓடுகிறவள் உன் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு வளைந்து வளைந்தா போவாள்? நேராகப் புல்லில் இறங்கிப் போகிறாள். புல்லின் குறுக்கே இப்போது ஒரு செம்மண் தடம் விழுந்துவிட்டது, உன் கல் பாதையில் ஓணான் படுத்திருக்கிறது. காவல்காரர் அந்தத் தடத்தின் நடுவில் 'புல்லில் நடக்காதீர்கள்' என்று போர்டு நட்டார். மறுநாள் போர்டைச் சுற்றி இன்னொரு தடம். யாரும் படுக்கக்கூடாது என்று பெஞ்சு நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்தாயாமே? மத்தியானத்தில் வந்து பார். ஆட்கள் தரையில் படுத்துக்கொண்டு காலை மட்டும் உன் கைப்பிடியில் மாட்டியிருக்கிறார்கள். நன்றாகத் தூக்கம் வருகிறதாம், உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அந்தப் பெஞ்சை மட்டும் பொறுக்க முடியாது. நீரூற்றைச் சுற்றி வட்டமாக ஒரே சிமெண்டுப் பெஞ்சு, நாலு பக்கமும் வழி. எந்த மடையன் துக்கத்துக்கு வட்டமாக உட்காருவான்? பந்தல் போடலாம் என்றால் குழி தோண்டக்கூடாதாம். பிளாஸ்டிக் நாற்காலியை வரிசையாகப் போடலாம் என்றால் புல்லுக்கு வலிக்குமாம். காவல்காரர் குறுக்கே நின்று, "ஐயா, உங்க மருமகன் எழுதி வெச்ச சட்டம்தான், நான் என்ன பண்ணட்டும்?" என்கிறார். என்னை என் மருமகனைக் கொண்டே மடக்கினார். வெயிலில் வட்டமாக உட்கார்ந்தோம்.

துக்கம் கேட்க டுவும் பெரியவர் தன் குடும்பத்தோடு வந்தார். முறை உனக்கே தெரியும். வருகிறவர்கள் நம் வரிசையின் வலது கோடியில் தொடங்கி, ஒவ்வொருவராகக் கை கொடுத்து, இடது கோடியில் முடித்து, எதிரே போய் உட்கார வேண்டும். பிறகு நாம் எழுந்து போய் அவர்களுக்குக் கை கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் கேட்க வேண்டும். யாவ், உன் வட்டத்தில் வலது கோடி எங்கே இருக்கிறது? டுவும் நாலு வழியையும் பார்த்தார், ஏதோ ஒன்றில் நுழைந்தார், கை கொடுக்க ஆரம்பித்தார். கொடுத்தார், கொடுத்தார், முடிவு வரவில்லை. நம் ஆட்கள் தீர்ந்து வேறு ஊர்க்காரர்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தீர்ந்து தன் சொந்தப் பெண்டாட்டிக்கே கை கொடுத்து, "என் அனுதாபங்கள்" என்றார். அந்த அம்மா, "யோவ், நான்தான்யா!" என்று கத்தியது சந்தை வரைக்கும் கேட்டது. இதற்குள் அவர்கள் முடித்துவிட்டார்கள் என்று நினைத்து நம் ஆட்கள் பதிலுக்குக் கை கொடுக்க எழுந்துவிட்டார்கள். அப்புறம் என்ன, அவர்கள் பின்னால் நாம், நம் பின்னால் அவர்கள், பெஞ்சில் ஒரு ஆள் கிடையாது, எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள், யாருக்குக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. மேளக்காரர்கள் இது ஏதோ புது ஆட்டம் என்று நினைத்து அடிக்க ஆரம்பித்தார்கள். டுவும் மட்டும் எனக்கு மூன்று தடவை கை கொடுத்தார். மூன்றாவது தடவை, "தலைவரே, உங்க அக்கா உயிரோட இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா," என்றார். துக்க வீட்டில் சொல்கிற பேச்சா அது?

இன்னொன்று. நான் அழுதேன் என்று சிலர் ஊரில் சொல்லித் திரிகிறார்கள். குடும்பத் தலைவன் சபையில் அழுவதில்லை. வரிசையில் உட்கார்ந்தால் குடும்பம் தலைவனின் முதுகைத்தான் பார்க்கும், அதுதான் முறை. என் முகத்தில் இருந்தது உன் நீரூற்று தெறித்த தண்ணீர். உன் அப்பா என்னிடம் வந்து, "மச்சான், அன்னைக்குக் காலைலேருந்தே கரண்ட் இல்லையே, ஊற்று எங்க ஓடுச்சு?" என்று கேட்கிறார். அவருக்கு வேறு வேலை இல்லை.

ஆகவே நான் முடிவாகச் சொல்வது இதுதான். அவளை வழியனுப்பும் பெரிய துக்கத்துக்கு அடுத்த மாத முதல் சனிக்கிழமை குறித்தாகிவிட்டது. அதற்குள் நீ நகராட்சிக்காரர்களோடு வந்து அந்த வட்டத்தை இடித்து, நாலு நேர் வரிசை போட வேண்டும். இல்லையென்றால் அக்காவின் துக்கத்தைப் பக்கத்து ஊர் மைதானத்தில் வைப்பேன். சொந்த ஊரில் அவளை வழியனுப்ப இடமில்லாமல் போனது உன்னால்தான் என்று ஒலிபெருக்கியில் சொல்வேன். பூங்கா வாசலில் உன் பெயர் வெட்டிய கல்லை நானே கடப்பாரையால் பெயர்ப்பேன். எனக்கு இடுப்பு வலி என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதே.

உன் அம்மா உன்னை விசாரித்தாள். உன் மனைவிக்கு என் ஆசி. முன்னோர் உனக்கு நீண்ட ஆயுளும் நேரான கோடு போடுகிற புத்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
க்வாஜோ அமொவாடெங்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லிப் பெரியம்மாவின் மகள் அஃபியாவிடம் கொடுத்தேன். அம்மா போனதிலிருந்து வீட்டில் யாரோடும் பேசாமல் கிடந்தவள், "யாவுக்கு என்ன எழுதியிருக்கீங்க மாமா?" என்று கேட்டாள். பேசினாளே என்ற சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இடிக்கச் சொல்லாதீங்க மாமா," என்றாள். "அப்பா செத்தப்போ என்னை முன் வரிசையில உட்கார வெச்சீங்க. எனக்குப் பின்னால யாரு இருந்தாங்க, யாரு அழுதாங்க, ஒண்ணுமே தெரியல. நான் ஒருத்தி மட்டும் அழற மாதிரி இருந்துச்சு. இந்தத் தடவை நம்ம ஆளுங்க அத்தனை பேரு முகமும் தெரிஞ்சுது. நீங்க அழுததையும் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் மாமா, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டேன்."

பெஞ்சைத் தொடாதே. பெரிய துக்கம் அங்கேதான். மேலே திட்டியதை அடித்துவிட்டு வேறு எழுத எனக்குப் பொறுமை இல்லை, திட்டு உனக்கு எப்போதாவது உதவும். சனிக்கிழமை சீக்கிரமே வந்து, அஃபியாவுக்கு உன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்.