சொந்த வீட்டு வாசல்ல கியூ

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. திருவண்ணாமலை பக்கத்துல அடி அண்ணாமலையில இருக்கிற எங்க வீட்டுச் சாவியை புரோக்கர் ஏகாம்பரத்துக்கிட்ட இருந்து திரும்ப வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். எனக்கு வேலூருக்கு மாத்தல் வந்துடுச்சு. இந்த வீட்டை வித்துட்டு அங்க ஒண்ணு வாங்கற வரைக்கும் மச்சான் வீட்டு மாடியில இருக்கறதுன்னு என் பொண்டாட்டி ஏற்பாடு பண்ணா. வர்ற பார்ட்டிக்கு வீட்டைக் காட்டட்டும்னு சாவியை ஏகாம்பரத்துக்கிட்ட கொடுத்துட்டு நாங்க கிளம்பிட்டோம்.

வருஷம் ஓடிப்போச்சு. ஒரு பார்ட்டி கூட வரல. போன் பண்ணா, "மார்க்கெட் டல்லு சார்"னு சொல்லுவான்.

மச்சான் தினமும் பல் விளக்கிக்கிட்டே கேப்பான், "இன்னா மாமா, வீடு போயிடுச்சா?" சாதாரணமா தான் கேப்பான். ஆனா அதுக்கப்புறம் நான் காபியைப் பாதியிலயே வெச்சுட்டு ஆபீஸுக்குக் கிளம்பிடுவேன்.

வேற புரோக்கரைப் பாத்துக்கலாம்னு லீவு போட்டுட்டு பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியவே பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி விட்டாங்க.

"ஏம்பா, பஸ் ஸ்டாண்டு போகாதா?"

கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "இன்னிக்கு பௌர்ணமி சார்."

பாதி வயசை திருவண்ணாமலையில கழிச்ச ஆளு நான். பௌர்ணமியை மறந்துட்டேன்னு வெளியில சொல்லாதீங்க.

ஆட்டோ கிடையாது. கிரிவலம் போற கூட்டத்தோட கூட்டமா நடந்தேன். வழி நெடுக மோர் ஊத்தறாங்க. வேணாம்னா முகம் வாடிப்போவுது. பாவம்னு வாங்கி வாங்கிக் குடிச்சேன். அடி அண்ணாமலை வர்றதுக்குள்ள சாவி, புரோக்கர் எல்லாம் மறந்துபோய், எங்கனா ஒதுங்கினா போதும்னு ஆயிடுச்சு.

எங்க தெருவுக்குத் திரும்புற சந்துல ஒரு கியூ நின்னுச்சு. "எதுக்குங்க இது?"

"பாத்ரூமுக்கு."

கும்பிடாத குறையா போய் கடைசியில நின்னேன். கியூ மெதுவா நகர்ந்து முனை திரும்புச்சு. அப்ப தான் பாத்தேன். கியூ போய் முடியறது எங்க வீட்டு பச்சை கேட்டுல.

விறுவிறுன்னு முன்னாடி போனேன். ஒரு அம்மா கையை நீட்டி மறிச்சாங்க. "நாங்கல்லாம் இன்னா வேடிக்கை பாக்கவா நிக்கிறோம்? லைன்ல வாங்க."

"அம்மா, இது என் வீடும்மா."

"முன்னாடி ஒருத்தரும் இதையே தான் சொன்னாரு. அவரையும் பின்னாடி தான் அனுப்பினோம்."

மறுபடியும் கடைசிக்குப் போனேன். எனக்குப் பின்னாடி காஞ்சிபுரத்துக்காரர் ஒருத்தர் வந்து நின்னாரு, ரிடையர்டு வாத்தியார். மாசா மாசம் வர்றவராம்.

"நல்ல வீடு சார். தண்ணி அருமை. மாடியில நின்னா மலை அப்படியே தெரியுது. கொடுத்தா நாளைக்கே வாங்கிடுவேன். ஆனா ஓனரு விக்க மாட்டாராம்."

"யார் சொன்னது?"

"வாசல்ல உக்காந்திருக்காரே, அவரு தான். ஓனருக்கு மூளை கொஞ்சம் ஒரு மாதிரியாம்."

அந்த நிலைமையில என்னைப் பாத்தவங்க யாரா இருந்தாலும் நம்பியிருப்பாங்க.

ஒரு வழியா வாசலுக்கு வந்தேன். எங்க ஹாலு பிரம்பு நாற்காலியில ஏகாம்பரம் உக்காந்து காசு வாங்கிட்டிருந்தான். நிமிர்ந்து கூடப் பாக்காம கையை நீட்டினான். நானும் பழக்கதோஷத்துல காசைப் போட்டுட்டேன். அப்புறம் தான் நிமிர்ந்தான்.

"சார், நீங்களா? நீங்க எதுக்கு லைன்ல நின்னீங்க?"

"ஏகாம்பரம், உன்னை..."

"முதல்ல உள்ள போயிட்டு வாங்க சார். அப்புறமா திட்டுங்க."

நியாயமான யோசனை தான். போயிட்டு வந்தேன். வந்ததும் பாதிக் கோபம் கம்மியாயிடுச்சு. மீதியை வெச்சு சத்தம் போட்டேன். பூட்டிப் போட்டா வீடு பாழாயிடும், நாலு பேரு புழங்கட்டும்னு தான் விட்டேன்னு அவன் பதில் சொன்னான்.

சத்தம் கேட்டு வாத்தியார் வந்துட்டாரு. "நீங்க தான் ஓனரா? விக்கறீங்களா?"

"இப்பவே விக்கறேன் சார்."

விலை பேசி முடியறதுக்குள்ள ஏகாம்பரம் குறுக்க வந்தான். "ரெண்டு பக்கமும் என் கமிஷன் வந்துடணும்."

"உனக்கு எதுக்குய்யா? கியூவுல என் பின்னாடி நின்னவரை நான் புடிச்சேன்."

"அந்த கியூ யாரோடது சார்?"

ரோட்டுல கூட்டம் கூடிடுச்சு. எதிர்ல டீக்கடை வெச்சிருக்கிற கோவிந்தம்மா பாய்லரை விட்டு எழுந்து வந்தாங்க. எங்க தெருவுல எந்தத் தகராறும் அவங்க கடையில தான் தீரும்.

"ஏகாம்பரம், உங்க தொழில்ல இன்னா வழக்கம்? பார்ட்டிக்கு முதல்ல வீட்டைக் காட்டுனது யாரோ, அவங்களுக்கு தானே கமிஷன்?"

"அதே தான்"னு தலையை ஆட்டிட்டு, ஜெயிச்ச மாதிரி என்னைப் பாத்தான்.

கோவிந்தம்மா வாத்தியார் பக்கம் திரும்பினாங்க. "சார், இந்த வீட்டை உங்களுக்கு முதல்ல காட்டுனது யாரு?"

வாத்தியார் யோசிச்சாரு. "நீங்க தான்மா. உங்க கடையில டீ குடிச்சுட்டு, எங்கனா பாத்ரூம் இருக்கான்னு கேட்டேன். அந்தப் பச்சை கேட்டுன்னு கையைக் காட்டுனீங்க."

கூட்டமே கொல்லுன்னு சிரிச்சுது. கமிஷன் கோவிந்தம்மாவுக்குன்னு தீர்ப்பாச்சு. அவங்களும் வேணாம்னு ஒரு பேச்சுக்குக் கூட சொல்லல.

ஏகாம்பரம் என்னைத் தனியா கூப்பிட்டான். குரல்ல நிஜமான வருத்தம். "அவங்களுக்கே கொடுங்க சார், தப்பில்ல. ஆனா இந்த வாத்தியார் கையில கிடைக்கணும்னு இத்தனை நாளா யாருக்கும் விக்காம காப்பாத்தி வெச்சேனே, அதுக்கு?"

பத்திரம் முடிஞ்சு, வேலூர்ல எங்களுக்குன்னு ஒரு வீடு அமைஞ்சுது. சாமான் ஏத்த லாரி வந்தப்ப, பீரோவைத் தனி ஆளா மாடியில இருந்து இறக்கிட்டு வந்தான் மச்சான்.

அவனுக்கு முதுகுவலி, கனமா எதுவும் தூக்கக்கூடாதுன்னு தான் அதுவரைக்கும் எனக்குச் சொல்லியிருந்தாங்க.