மூன்று மணிப் பேய்

"பிற்பகல் மூணு மணிக்கு எந்தப் பேய் வரும்? காபி வேணும்னா வரும்!"

கையிலிருந்த அழைப்பிதழை மேசைமேல் போட்டார் ஒலிபெருக்கி. அது அவருடைய பட்டப்பெயர். முப்பத்தெட்டு வருடம் ரயில் நிலையத்தில் வண்டிகளின் வரவையும் தாமதத்தையும் அறிவித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் குளியலறை காலியாக இருப்பதை எதிர்வீட்டுக்கும் கேட்கும்படிதான் சொல்வார்.

"வர்றவங்க எல்லாம் வயசானவங்க. இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணுமாம்," என்றாள் மனைவி.

ரயில்வே ஊழியர் மன்றத்துக்கு ஐம்பதாவது ஆண்டு விழா. அதில் அவருடைய பழைய ஒற்றையாள் பேய் நாடகத்தை மறுபடி நடத்தித் தரும்படி கேட்டிருந்தார்கள்.

அவருக்கு அந்தக் காலத்துச் சனிக்கிழமை இரவுகள் ஞாபகம் வந்தன. கறுப்பு அங்கி, கையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. இளம் வக்கீலும் அவரே, காது கேளாத கிழட்டு வேலைக்காரரும் அவரே, சுவரில் தொங்கும் படத்திலிருந்து இறங்கி வரும் செத்துப்போன சீமாட்டியும் அவரே. மன்றத்தில் மூச்சுச் சத்தம் கேட்காது. சிலர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். சிலருக்குத் தோள் குலுங்கும். ஒருவர் தாங்க முடியாமல் வெளியே ஓடியதும் உண்டு. முதல் வரிசையில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர், அவ்வளவு கண்டிப்பான மனிதர், பயத்தில் அடிக்கொரு தரம் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்தில் அவருடைய மகள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் பொங்க உட்கார்ந்திருப்பாள். 'இவ்வளவு பயந்த சுபாவமுள்ள பெண்ணுக்கு ஒரு துணை வேண்டாமா?' என்று உருகித்தான் ஒலிபெருக்கி பெண் கேட்டார். கல்யாணமான கையோடு வெளியூருக்கு மாற்றல் வந்தது. மேடை அதோடு நின்றது. முப்பத்தைந்து வருடம் ஓடிவிட்டது.

"அந்த நிசப்தத்தை இன்னொரு தடவை கேட்டுட்டாப் போதும்மா எனக்கு," என்றார்.

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மன்றத்துக்குப் போய்ப் பார்த்தால் எட்டுக் கண்ணாடி ஜன்னல். ஒவ்வொன்றும் ஆள் உயரம். மூன்று மணி வெயில் மேடைவரை வந்து படுத்திருந்தது.

"இது ஒரு விஷயமா மாமா? என்கிட்ட விடுங்க," என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்கு எதையும் சரிசெய்யத் தெரியும் என்பது மாப்பிள்ளையின் நம்பிக்கை. எட்டு ஜன்னலையும் சாத்தி, கறுப்புத் துணியை ஒட்டினார். கூடம் கும்மிருட்டானது. கூடவே அடுப்பும் ஆனது. சுண்ணாம்பு அடிப்பதற்காகக் கழற்றிய மின்விசிறிகளை இன்னும் மாட்டவில்லை. ஒத்திகை தொடங்கிய ஐந்தாவது நிமிடம், பேயின் முகப்பூச்சு வழிந்து கழுத்துக்கு வந்தது.

"காத்துதானே வேணும்?" என்று மாப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு ராட்சத மின்விசிறியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சுவிட்சைப் போட்டதும் மெழுகுவர்த்தி அணைந்தது. ஏற்றினார்கள். அணைந்தது.

"அணையாத மெழுகுவர்த்தி இருக்குப்பா," என்றாள் மகள். பொம்மைக் கடையில் பேட்டரி மெழுகுவர்த்தி ஒன்று வாங்கி வந்தாள். பார்க்க அசலாகவே இருந்தது. எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது.

சனிக்கிழமை மூன்று மணி. கூடம் நிறைந்திருந்தது. பழைய ரயில் கார்டு, டிக்கெட் கொடுத்த அம்மாள், கொடி காட்டியவர், எஞ்சின் ஓட்டியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கைத்தடிகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருந்தன.

"அந்தப் பாழடைந்த மாளிகையில்..." என்று ஒலிபெருக்கி ஆரம்பித்ததும் கூடம் அடங்கியது. அதே நிசப்தம். வேலைக்காரர் இருமினார். வக்கீல் படியேறினார். சுவரில் சீமாட்டியின் கண்கள் அசைந்தன. ஒலிபெருக்கிக்குப் புல்லரித்தது.

"அப்போது எங்கிருந்தோ வந்த குளிர்காற்று மெழுகுவர்த்தியை அணைத்தது!" என்று சொல்லி ஊதினார்.

மெழுகுவர்த்தி எரிந்தது.

"அணைத்தது!" என்று மறுபடி ஊதினார். அணையாத மெழுகுவர்த்தி என்று மகள் சொன்னதன் முழு அர்த்தம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் தம் கட்டி ஊதுங்க!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அடியில் இருந்த பொத்தானைத் தடவிப் பிடித்து அழுத்தினார். சுடர் சிவப்பானது. பதறி மறுபடி அழுத்தினார். பச்சையானது.

"சிக்னல் விழுந்துருச்சு! வண்டியை எடு!" என்றார் பழைய கார்டு.

கூடம் குபீரென்றது. ஒலிபெருக்கிக்கு வசனம் மறந்துபோனது. மூளை கைவிட்ட இடத்தில் முப்பத்தெட்டு வருடப் பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! சீமாட்டி இன்னும் சில நிமிடங்களில் படத்திலிருந்து வந்து சேருவார்!"

"எத்தனாவது பிளாட்பாரம்?" என்று கேட்டார் டிக்கெட் கொடுத்த அம்மாள்.

மாமனார் தத்தளிப்பதை மாப்பிள்ளையால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குளிர்காற்று போதவில்லை என்று முடிவுசெய்து மின்விசிறியை முழு வேகத்துக்குத் திருப்பினார். முதல் ஜன்னலின் துணி பிய்ந்து பறந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. வெயில் பாய்ந்து வந்தது. சீமாட்டியின் வெள்ளை முக்காடு கிளம்பிப் போய்ப் பழைய கார்டின் வழுக்கைத் தலையில் இறங்கியது. கறுப்பு அங்கி ஒலிபெருக்கியின் முகத்தில் சுருட்டிக்கொண்டது. அதற்குள்ளிருந்து, "நான் செத்து நூறு வருஷம் ஆகிறது!" என்ற குரல் தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது.

சிலர் நாற்காலியை விட்டு இறங்கிக் கீழேயே உட்கார்ந்து சிரித்தார்கள். எஞ்சின் ஓட்டியவர் ஒருவர் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

ஒலிபெருக்கி நிறுத்தவில்லை. அங்கியை விலக்கி, கண்ணாடியைச் சரிசெய்து, கொட்டும் வெயிலில் நின்று, கடைசி வசனம்வரை சொல்லி முடித்தார். குனிந்து வணங்கினார். கைதட்டல் ஓய ஐந்து நிமிடமானது. அது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் முகப்பூச்சைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

"என் பேய் செத்துப்போச்சும்மா."

"அது ஏற்கெனவே செத்ததுதானேங்க."

"நீயுமா?" என்றார். கண் கலங்கியிருந்தது. "ஒரு காலத்துல நீயே எப்படி நடுங்கினே. அந்த ஒரு ஞாபகத்தை வெச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் 'வண்டி தாமதம், வண்டி தாமதம்'னு கத்திக்கிட்டிருந்தேன். இன்னைக்கு வந்து அதையும் கெடுத்துக்கிட்டேன்."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. கொடி காட்டியவர் உள்ளே வந்தார். சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தது. வந்த வேகத்தில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, இதுக்காகவே பஸ் ஏறி நாலு மணி நேரம் வந்தேன். அந்தக் காலத்துல ஒரு சனிக்கிழமை தவறவிட்டிருப்போமா? அதேதான் அண்ணே. அப்படியே இருக்கீங்க."

"எதுய்யா அதே? அப்ப ஊசி விழுந்தாக் கேட்கும். நீங்கல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு நடுங்குவீங்க. இன்னைக்கு ஒருத்தராவது பயந்தீங்களா?"

கொடி காட்டியவர் திகைத்து மனைவியைப் பார்த்தார்.

"என்ன அண்ணி, இன்னுமா நீங்க சொல்லலை?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது.

"அண்ணே, பயமெல்லாம் எங்க ஸ்டேஷன் மாஸ்டர்கிட்டதான். 'அந்தப் பையன் மேல என் பொண்ணு உசிரையே வெச்சிருக்கா, மேடையில அவனைப் பார்த்து எவனாவது சிரிச்சீங்க, ஒரு மாசம் நைட் டூட்டி'ன்னு உங்க மாமனார் உத்தரவே போட்டிருந்தார்!"